எல்லா உறுப்புக்கும் இரண்டு நரம்பு கிடையாது

நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் என்று எது படித்தாலும் சரி, நாம் நினைக்காமலே இதயம், குடல், வியர்வை எல்லாவற்றையும் நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலம் பாடம் வந்ததும் நோட்டின் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். இடது பக்கம் சிம்பதெடிக், வலது பக்கம் பாராசிம்பதெடிக். பத்தாம் வகுப்பில் பரிவு, எதிர்ப்பரிவு என்று படித்தது இதையேதான். ஒன்று கண்பாவையை விரிக்கும், இன்னொன்று சுருக்கும். ஒன்று இதயத்தை விரட்டும், இன்னொன்று அடக்கும். ஆக்சிலேட்டர், பிரேக் என்ற உவமையும் கூடவே வந்துவிடும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். வார்டில் நோயாளி பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்தக் கோடு காலை வாரிவிடும்.

எல்லா உறுப்புக்கும் இரண்டு நரம்பும் போகிறது, போன இடத்தில் எப்போதும் சண்டை போடுகிறது என்று நினைத்துக்கொள்வதுதான் மூலத் தவறு. மற்ற குழப்பங்களில் பாதி இதிலிருந்தே முளைக்கிறது.

ரத்தக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழாய்களுக்கு சிம்பதெடிக் நரம்பு மட்டும்தான். ஆண்குறியின் குழாய்கள், உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் குழாய்கள் என்று விதிவிலக்கு சிலதான் உண்டு. அப்படியென்றால் குழாய் எப்படி விரியும்? சிம்பதெடிக் நரம்பு எந்நேரமும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. பிடியைத் தளர்த்தினால் விரிந்துவிடும். விரிக்கவென்று தனியாக ஒரு நரம்பு தேவையில்லை. அட்டவணையின் வலது பக்கத்தில் ‘ரத்தக் குழாய் விரியும்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடலாம்.

இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் கால், வயிறு பக்கம் இறங்குகிறது. சிம்பதெடிக் நரம்பு உடனே குழாய்களை இறுக்குவதால்தான் நாம் விழாமல் நிற்கிறோம். பல வருடம் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்த நரம்பே பழுதாகியிருக்கலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு நரம்பு நன்றாக இருந்தாலும், அது தரும் உத்தரவைக் குழாய் சரியாகக் கேட்காமல் போகலாம். “காலையில எழுந்தா கிர்ருனு வருதும்மா” என்பார்கள். வீட்டில் அதற்குப் பித்தம் என்று பெயர் வைத்து எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து பிபி பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்த நிலையில் பார்ப்பது இங்கே பயன்படாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விஷயம் பித்தம் இல்லை.

இதயத்தில் வேறு மாதிரித் தவறு. சும்மா இருக்கும் இதயத்தை சிம்பதெடிக் தட்டி எழுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நரம்பே இல்லாவிட்டாலும் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை தானாகத் துடிக்கும். நாம் ஓய்வாக இருக்கும்போது அதை 70 பக்கம் இழுத்துப் பிடித்திருப்பது வேகஸ் நரம்பு, மூளையிலிருந்து இறங்கும் முக்கியமான பாராசிம்பதெடிக் நரம்பு. மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு அந்த நரம்பு அறுபட்டிருக்கும். அதனால் ஓய்விலும் துடிப்பு 90, 100 என்று இருக்கும், வேகஸின் உத்தரவைத் தடுக்கும் அட்ரோபின் ஊசி போட்டாலும் துடிப்பு ஏறாது. இன்னொன்று, வேகஸின் பிடி துடிப்பைத் தொடங்கும் முடிச்சிலும் ஏட்ரியங்கள் என்ற மேலறைகளிலும்தான் பலமாக இருக்கிறது. கீழறைகளுக்கு அது மிகக் குறைவாகவே போகிறது.

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கடற்கரை நெரிசலில் வெயிலில் நின்று யாராவது மயங்கி விழுந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வேகஸ் இதயத்தை மெதுவாக்குகிறது, அதே நேரம் சிம்பதெடிக் குழாய்களை விட்டுவிடுகிறது. மூளைக்கு ரத்தம் ஏறவில்லை. கூட்டம் என்ன செய்யும்? அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தும். அதுதான் செய்யக்கூடாதது. கீழே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் விழிப்பார். நிமிர்த்தியே வைத்திருந்தால் கை கால் வெட்டி இழுக்கவும் கூடும். உடனே வலிப்பு என்று சொல்லி சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வலிப்பாகவே இருந்தாலும் சாவிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

மூச்சுக்குழாய்க்கு வருவோம். சிம்பதெடிக் நரம்பு மூச்சுக்குழாயை விரிக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் மனிதர்களின் மூச்சுக்குழாய்த் தசைக்கு அந்த நரம்பு போவதே மிகக் குறைவு. தசையில் இருப்பது பீட்டா 2 ஏற்பி, அதாவது ரசாயனச் சேதியை வாங்கிக்கொள்ளும் இடம். அது ரத்தத்தில் வரும் அட்ரினலினுக்குக் காத்திருக்கிறது. சுருக்கும் வேலையை வேகஸ் செய்கிறது. நெபுலைசரில் சால்பியூட்டமாலும் இப்ராட்ரோபியமும் சேர்த்து வைப்பதன் காரணம் இங்கே இருக்கிறது: ஒன்று அந்த ஏற்பியைத் தூண்டும், மற்றது வேகஸின் பேச்சைத் தடுக்கும். ஏற்பி இருக்கும் இடத்திலெல்லாம் நரம்பு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி வியர்வை. நரம்பின் நுனியிலிருந்து உறுப்புக்குச் சேதி சொல்லும் ரசாயனம் சிம்பதெடிக் என்றால் நார்அட்ரினலின், பாராசிம்பதெடிக் என்றால் அசிட்டைல்கோலின் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். எங்கள் கடலூர் மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்ளாமல் இருக்கவே முடியாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். முதுகில் டேங்க், இடுப்பில் லுங்கி, மேலே பெரும்பாலும் வெறும் உடம்பு. காற்று எதிரே அடித்தால் மருந்து தோலிலேயே படியும். அது ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் அங்கங்கே தேங்கும். வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர், நெஞ்சில் கரகரவென்று சளி, வயிற்றுப்போக்கு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்பாவை. இத்தனையும் பாராசிம்பதெடிக் கணக்கு, சரி. ஆனால் ஆள் வியர்வையில் குளித்திருப்பாரே, அது எப்படி? வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்புதான். ஆனால் அதன் நுனியில் வெளிவருவது அசிட்டைல்கோலின்.

அப்புறம் இன்னொரு தவறு, இது ஆபத்தானது. “நாடி வேகமா இருக்கு, அப்போ பூச்சி மருந்து இல்லை” என்று முடிவு கட்டுவது. சிம்பதெடிக் பாதையிலும் நடுவிலுள்ள நரம்பு முடிச்சில் பேசப்படுவது அசிட்டைல்கோலின் மொழிதான். அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியைத் தூண்டுவதும் அதுவே. அதனால் சிலருக்கு நாடி வேகமாகவும், கண்பாவை சுருங்காமலும் இருக்கலாம். ஒரு குறியை வைத்து விலக்கிவிடக் கூடாது.

தேங்கிய அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்க அட்ரோபின் கொடுக்கும்போது கண்பாவை விரிந்துவிட்டதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கியதா, நாடி 80ஐத் தாண்டியதா, பிபியின் மேல் அளவு 80க்கு மேல் நிற்கிறதா, அக்குள் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். கையுறை போட்ட விரலை அக்குளில் வைத்தால் ஈரம் தெரியும். அந்தச் சின்னச் சோதனை நிறையச் சொல்லும். அளவு மீறினால் உடம்பு கொதிக்கும், தோல் வறண்டுபோகும், நோயாளி பிதற்றுவார், போர்வையைப் பிய்ப்பார். ஊமத்தங்காய் தின்ற பிள்ளைக்கும் இதே கோலம்தான், ஏனென்றால் ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் அதன் உறவுப் பொருள்களும். பூச்சி மருந்தால் வரும் தசை பலவீனத்தை அட்ரோபின் தொடவே தொடாது. நெஞ்சு தெளிந்த ஆளுக்கும் மூச்சுத் தசை ஓய்ந்துபோகலாம், கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வயலில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108ஐக் கூப்பிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துப் போவது. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

படம் வரையும்போது நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகஸை மூத்திரப்பை வரை இழுத்துவிடாதீர்கள். பெருங்குடலின் குறுக்குப் பகுதியில் முக்கால்வாசியைத் தாண்டும் முன்பே அதன் எல்லை முடிந்துவிடும். அதற்குக் கீழே எல்லாம் தண்டுவடத்தின் அடியில் சேக்ரல் 2, 3, 4 கண்டங்களிலிருந்து (கண்டம் என்றால் தண்டுவடத்தின் ஒரு துண்டு) வரும் நரம்புகளின் பொறுப்பு. அதேபோல் கண்ணுக்குப் போகும் சிம்பதெடிக் நரம்பு நேராகத் தலையிலிருந்து வருவதில்லை. மார்புத் தண்டுவடத்தின் முதல் கண்டங்களில் வெளியே வந்து, நுரையீரலின் உச்சியை ஒட்டி ஏறி, கழுத்து வழியாகக் கண்ணுக்குப் போகிறது. ஒரு பக்க இமை லேசாகத் தொங்கி, அந்தப் பக்கக் கண்பாவை சின்னதாகி, முகத்தில் அந்தப் பாதி மட்டும் வியர்க்காமல் இருக்கும் பீடிக்காரருக்குக் கண் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று தேடுகிறார்.

கடைசியாக, இந்த நரம்புகள் உத்தரவை மட்டுமே கொண்டுபோகின்றன என்ற நினைப்பு. வேகஸின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உறுப்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுவருபவை. இதய வலி சிம்பதெடிக் பாதையோடு வந்து மேல் மார்புக் கண்டங்களில் நுழைகிறது. இடது கைத் தோலின் உணர்வும் அங்கேதான் சேருகிறது, அதனால் வலி கையில் தெரிகிறது. சர்க்கரை நோயில் இந்தப் பாதை பழுதானால் மாரடைப்பு வலிக்காமலே வரலாம். திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், சொல்லத் தெரியாத அசதி, அவ்வளவுதான். வீட்டில் வாயு என்பார்கள், சோடா வாங்கி வருவார்கள், ஓமத் தண்ணீர் கொதிக்கும். ஐம்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர் காரணமில்லாமல் வியர்த்து உட்கார்ந்தால் சோடாவுக்கு முன்னால் இசிஜி எடுங்கள். முதல் இசிஜி சரியாக இருந்து அசதி விடவில்லை என்றால், கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.