விண்டோஸ் 11-க்குத் தடையாக இருந்தது கணினியின் வயது அல்ல

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. என் பழைய கணினியில் 11-க்கு மாறுவதா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்குப் போவதா? 11-க்குக் கணினி தகுந்ததா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட் சோதனைக் கருவியோ ‘தகுதியில்லை’ என்று கையை விரித்துவிட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி நினைவகம், இரண்டும் தேறியிருந்தன.

நிலுவையிலிருந்த அப்டேட்களையெல்லாம் போட்டேன்; பயனில்லை. லினக்ஸ் மின்டை யூஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பார்த்தேன். வேகமாகத்தான் ஓடியது, ஆனால் ஸ்கேனர் அசைந்துகொடுக்கவில்லை. அது இல்லாமல் என் வேலை நடக்காது.

மீதமிருந்தவை 11 கேட்கும் இரண்டு பாதுகாப்பு அம்சங்கள். முதலாவது டிபிஎம், குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு அம்சம். பயாஸில், அதாவது கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில், அந்தப் பெயரில் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படாது. இன்டெல் பலகைகளில் ‘பிடிடி’, ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதை இயக்கியதும் டிபிஎம் 2.0 தேறியது. அடுத்தது செக்யூர் பூட், நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினியை எழுப்ப விடும் காப்பு. வட்டு, தன் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில் இருந்ததால் செக்யூர் பூட்டை இயக்க வழியில்லை. காப்பு நகல் எடுத்துவிட்டு, வட்டைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையைச் சரிபார்ப்புத் தெரிவுடன் ஓட்டினேன். மறுத்துவிட்டது, ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் இல்லை.

விடை வட்டு மேலாண்மைத் திரையில் இருந்தது: நான்கு முதன்மைப் பகிர்வுகள் (வட்டின் பிரிவுகள்). மூன்றுக்கு மேல் இருந்தால் இந்தக் கருவி ஏற்காது. நான்காவது, கணினியோடு வந்த பழைய மீட்புப் பகிர்வு. அதை நீக்கியதும் மாற்றம் சில நிமிடங்களில் முடிந்தது.

மாற்றிய கையோடு பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குத் திருப்ப வேண்டும். இல்லையேல் விண்டோஸ் எழாது. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பே அதை இடைநிறுத்திவிடுங்கள். செக்யூர் பூட்டையும் இயக்கியபின் 11 மறுபேச்சின்றி ஏறியது, ஸ்கேனரும் ஓடுகிறது. புதுக் கணினிச் செலவு தப்பியதில் பெரும் நிம்மதி.