கேக் மேல் ஏற்காடு மரம்

ஏற்காடு காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக். நெட்டைத் தண்டு, அதில் ஏறிய மிளகுக்கொடி. கேக்கில் செய்ய இதைவிட சுலபமான மரம் கிடையாது.

தண்டுக்கு சூப் ஸ்டிக், அதாவது மொறுமொறுப்பான நீள ரொட்டிக் குச்சி. உருக்கிய டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டில் முக்கி, பாதி இறுகும்போது முள்கரண்டியால் நெடுக்காகக் கீறினால் மரப்பட்டை. அடிமுனையையும் மூடுங்கள்; விட்டால் கிரீமின் ஈரத்தை இழுத்து, கேக் வெட்டுவதற்குள் மரம் சாயும். 3 செ.மீ. உள்ளே இறங்கட்டும்.

இலைக்கு, வறுத்து ஆறவைத்த பொரி ஒன்றரை கப். பச்சை கலந்த வெள்ளை காம்பவுண்ட் 100 கிராம்; உருக்கி பொரியோடு கலக்க. எண்ணெயில் கரையும் கலர்தான் வேண்டும். தண்ணீர் கலர் சில சொட்டு போனாலே சாக்லேட் திரிதிரியாகி இறுகிவிடும். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும் என்பதால் கால் பங்கை வெளிர்பச்சையாகவே விடுங்கள். ஒரே பச்சையென்றால் பொம்மை மரம்தான்.

சேலம் வெயிலில் காம்பவுண்ட் கையிலேயே இளகும். பொரிக் கலவையை உருண்டை பிடிக்காமல், ஸ்பூனால் தண்டில் சிறு கொத்துகளாக ஒட்டுங்கள். ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் போதும். கூடினால் வெளியே எடுத்ததும் வியர்க்கும். மிளகுக்கொடியைக் கடைசியில், இலை நாசிலில் (இலை வடிவில் கிரீம் பிழியும் முனை) பட்டர்கிரீம் போட்டு ஏற்றுங்கள்.