ஹனுக்கா மெழுகுவர்த்தியிலேயே கூட்டல் கணக்கு

யூதர்களின் எட்டு இரவு விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு வாங்கும் பெட்டியிலுள்ள 44 மெழுகுவர்த்திகளையும் பண்டிகைக்கு முன்பே 8 காகிதக் கோப்பைகளில் 2, 3, 4 என்று 9 வரை குழந்தையையே எண்ணிப் போடச் சொல்லுங்கள். இரவுக்கு ஒரு சுடர் கூடும். மற்றவற்றை ஏற்றும் ஷமாஷ் என்ற மெழுகுவர்த்தி தினமும் தனி. அதனால்தான் முதல் கோப்பையிலேயே 2. கடைசி இரவில் பற்றாக்குறையும் வராது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவையான வேலை உண்டு: முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் சேர்ந்தால் 11, அடுத்த ஜோடியும் 11; இப்படி நான்கு ஜோடி.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இந்தப் பெட்டி மெழுகு ஒத்துவராது. அன்று மாலை தொடங்கும் யூத ஓய்வு நாளான சப்பாத்துக்கு முன்பே ஏற்றி, இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும்; பெட்டியில் வரும் மெல்லிய மெழுகு அதற்குள் தீர்ந்துவிடும். அன்றைக்கு நீளமானவற்றைத் தனியாக வாங்குங்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு விளக்கு ஏற்றும் வீடானால், ஆளுக்கொரு பெட்டி.