ஈநெட்டில் எந்தப் பாக்கெட்டுக்கு எந்த ஃபிளாக்?

இணைய விளையாட்டுகளில் தகவல் அனுப்பப் பயன்படும் நிரல் நூலகம் ஈநெட் (ENet). போய்ச்சேரும் என்ற உறுதி தராத யுடிபி நெறிமுறையின் மீது இயங்கும் அதில், ஒரு பாக்கெட் (தகவல் பொதி) எப்படிப் போய்ச்சேர வேண்டும் என்பதை அதை உருவாக்கும்போதே ஃபிளாக் (அனுப்பும் முறையைச் சொல்லும் குறி) மூலம் சொல்லிவிட வேண்டும். எதற்கு வம்பு என்று, தொலைந்தால் மீண்டும் அனுப்பும் ரிலையபிள் ஃபிளாக்கை எல்லாவற்றுக்கும் போடுபவர்கள் உண்டு. அதற்கு, எல்லாவற்றையும் உறுதியாகவும் வரிசையாகவும் சேர்க்கும் டிசிபி நெறிமுறையே போதுமே.

தாமதமாக வந்தாலும் அந்தத் தகவலால் பயனுண்டா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அரட்டைச் செய்தி, கதவு திறந்தது, ஆட்டக்காரர் இறந்தது போன்றவை எப்போது வந்தாலும் வந்தே ஆக வேண்டும் என்பதால் அவற்றுக்கு ரிலையபிள் பொருந்தும். நொடிக்கு 20 முறை அனுப்பப்படும் இருப்பிடத் தகவலில் ஒன்று தொலைந்தால் 50 மில்லிவிநாடியில் அடுத்தது வந்துவிடும். அதற்கு ஃபிளாக் 0, அதாவது எந்த ஃபிளாக்கும் போடாமல் விடுவது, போதும். 0 என்றால் வரிசையும் கிடையாது என்று கருதிவிட வேண்டாம். தொலைந்தது மீண்டும் அனுப்பப்படாது, ஆனால் புதியதற்குப் பின் வந்துசேரும் பழையதை ஈநெட்டே கழித்துவிடும். அந்த வரிசையும் தேவைப்படாத, தனித்தனியே பொருள் தரும் தீப்பொறி, ஒலி போன்றவற்றுக்கே அன்சீக்வென்ஸ்டு ஃபிளாக்.

ஃபிளாக்கைச் சரியாகத் தேர்ந்த பிறகும் ஆட்டம் திக்கினால், சேனலை, அதாவது ஒரே இணைப்புக்குள் தனித்தனி வரிசையில் பாக்கெட்டுகள் போகும் தடத்தை, பாருங்கள். ஒரே சேனலில் ரிலையபிள் பாக்கெட்டை அடுத்து அனுப்பப்பட்ட ஃபிளாக் 0 பாக்கெட், முன்னது வந்துசேரும்வரை உங்கள் நிரலின் கைக்கு வராது. அரட்டையும் இருப்பிடமும் சேனல் 0-இல் போகின்றன என்று வையுங்கள்: ஒரு அரட்டை வரி வழியில் தொலைந்தால், அது மீண்டும் அனுப்பப்பட்டு வந்துசேரும்வரை எதிராளியின் உருவம் அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலில் வேறிடத்தில் தோன்றும். அரட்டையைச் சேனல் 1-க்கு மாற்றினால் இது நின்றுவிடும். எத்தனை சேனல் வேண்டும் என்பதை இணைப்பு ஏற்படுத்தும்போதே குறிப்பிட வேண்டும். 255 வரை அனுமதி உண்டு.

பாக்கெட்டின் அளவும் கணக்கில் வரும். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பெரும அளவான எம்டியு, இயல்பாக ஏறத்தாழ 1400 பைட். அதைத் தாண்டும் பாக்கெட்டை ஈநெட் துண்டுகளாக்கி, ஃபிளாக் 0 ஆக இருந்தாலும் ரிலையபிளாகவே அனுப்பும். அன்ரிலையபிள் ஃப்ராக்மென்ட் ஃபிளாக் இதை மாற்றும், ஆயினும் அப்போது ஒரு துண்டு தொலைந்தால் முழுப் பாக்கெட்டும் வீண். ஆகவே ஆட்ட உலகின் நிலை முழுவதையும் ஒரே பாக்கெட்டில் திணிக்காமல், எம்டியுவுக்குள் அடங்கும் தனித்தனிப் பாக்கெட்டுகளாக நீங்களே பிரித்து அனுப்புவது மேல்.