கூத்துப் பிரதிகளுக்கு ஒரு பைஜிட்2: லிப்ஜிட்2ஐ மூலநிரலிலிருந்து கொம்பைல் பண்ணுவது எப்படி

மட்டக்களப்பில் ஒரு வடமோடிக் கூத்தின் பிரதியைத் தேடிப் போனால் ஊருக்கு ஒன்று கிடைக்கும். கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரின் கொப்பியில் ஒரு விருத்தம் கூடியிருக்கும், மற்றவருடையதில் ஒரு தரு (கூத்துப் பாட்டு) குறைந்திருக்கும். அவற்றை டைப் பண்ணி, நாலைந்து பேர் சேர்ந்து திருத்த, யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் ஜிட் மென்பொருளைப் போல வசதியானது வேறில்லை. ஆனால் தமிழில் வேலை செய்பவர்களுக்கு அதில் ஒரு தொல்லை இருக்கிறது. யாருமே கைவைக்காத வரியையும் ஜிட் சில வேளை 'மாறிவிட்டது' என்று காட்டும்.

காரணம் யூனிகோட். 'கொ' என்ற எழுத்தை ஒரு கீபோர்ட் 'க' உடன் ஒகரக் குறியாக, இரண்டே குறியீட்டில் சேமிக்கும். இன்னொன்று 'க', கொம்பு, கால் என்று மூன்றாகச் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுதான். கோப்பில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஜிட் பார்ப்பது பைட்டை மட்டுமே.

இதற்கு மருந்து ஒரு சின்ன பைதான் நிரல். பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஜிட்டுக்குள்ளிருந்து எடுத்து, இரண்டையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிட வேண்டும். பைதானிலிருந்து ஜிட்டுக்குள் கை விடுவதற்குத்தான் பைஜிட்2. அதற்கு அடியில் நின்று வேலை செய்வது லிப்ஜிட்2 என்ற சி மொழி லைப்ரரி.

ஜிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். லிப்ஜிட்2 வேலையை ஷோன் பியர்ஸ் 2008இல் தொடங்கினார். ஜிட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? ஜிட் கட்டளைக்குள் பிழை வந்தால் அது செய்தியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். டெர்மினலில் அது சரி. உங்கள் நிரலுக்குள் உட்கார்ந்திருக்கும் லைப்ரரி அப்படிச் செய்தால் உங்கள் நிரலும் சேர்ந்து சாகும். லிப்ஜிட்2 பிழையை உங்களிடம் திருப்பித் தரும், முடிவை நீங்கள் எடுக்கலாம்.

கட்டளைகளை வாசிக்கும் முறை

இங்கே போனில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, கட்டளைகளின் ஒலியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கொப்பி பண்ணி ஒட்ட முடியாதே என்று சலிக்க வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் நீங்களே அடித்தால்தான், பிழை வரும்போது எந்தச் சொல்லால் வந்தது என்று பிடிபடும்.

முதலில், இது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பைதானின் நிறுவும் கருவியான பிப்பிடம் 'பிப் இன்ஸ்டால் பைஜிட்2' என்று அடித்தால், வழக்கமான 64 பிட் லினக்ஸில், ஏற்கனவே கொம்பைல் பண்ணிய (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிய) பொதி வந்து இறங்கும். அதை வீல் என்பார்கள். லிப்ஜிட்2 அதற்குள்ளேயே இருக்கும். அது உங்களுக்கு வேலை செய்தால் சந்தோஷமாக இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அண்ணாவியாரிடம் போங்கள்.

மூலநிரல் தேவைப்படுவது வீல் கிடைக்காத இடத்தில். பழைய 32 பிட் லெப்டொப்பில் லினக்ஸ் போட்டு ஓட்டுபவர்கள் நம் பக்கம் இன்னும் நிறையப் பேர். அல்லது லிப்ஜிட்2ஐ உங்களுக்கு வேண்டிய தெரிவுகளோடு கட்ட நினைக்கலாம். அல்லது வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறீர்கள், ஒரு லைப்ரரி எப்படிக் கட்டப்படுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. கடைசிக் காரணம்தான் எனக்குப் பிடித்தது.

ஜோடி பார்ப்பது

இந்த வேலையில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் கொம்பைல் பண்ணுவதில் சறுக்குவதில்லை. அதற்கு முன்பே, எந்த வெர்ஷனுக்கு எது என்று பார்க்காமல் இரண்டையும் இறக்கிவிடுவதில்தான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு பைஜிட்2 வெர்ஷனும் குறிப்பிட்ட ஒரு லிப்ஜிட்2 வரிசையோடு மட்டுமே சேரும். பைஜிட்2 1.14க்கு லிப்ஜிட்2 1.7. பைஜிட்2 1.15க்கு 1.8. பைஜிட்2 1.17க்கு 1.9. லிப்ஜிட்2இன் மூன்றாவது எண் மாறினால் பரவாயில்லை, இரண்டாவது எண் மாறக்கூடாது.

பைதானையும் பார்க்க வேண்டும். பைஜிட்2 1.17 கேட்பது பைதான் 3.10 அல்லது அதற்கு மேல். 'பைதான்3 --வெர்ஷன்' என்று அடித்து உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கே ஒரு குறுக்கு வழியும் உண்டு. உபுண்டு 24.04இன் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது லிப்ஜிட்2 1.7. ஆகவே அதில் 'லிப்ஜிட்2-டெவ்' பொதியை ஆப்ட் (உபுண்டுவின் நிறுவும் கருவி) கொண்டு நிறுவி, பைஜிட்2 1.14ஐ மட்டும் கொம்பைல் பண்ணினால் பாதி வேலை மிச்சம். டெபியன் 12இல் இருப்பது 1.5, உபுண்டு 22.04இல் 1.1. அவ்வளவு பழசோடு மல்லுக்கட்டுவதை விட முழுவதையும் கட்டுவது சுலபம்.

இந்தச் செய்முறைக்கு நான் எடுக்கும் ஜோடி: லிப்ஜிட்2 1.9.0, பைஜிட்2 1.17.0.

கருவிகள்

உபுண்டு, டெபியன், மின்ட் எல்லாவற்றுக்கும் ஒரே வரி:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் சிமேக் பிகேஜி-கான்ஃபிக் லிப்எஸ்எஸ்எல்-டெவ் லிப்எஸ்எஸ்எச்2-1-டெவ் லிப்எஃப்எஃப்ஐ-டெவ் பைதான்3-டெவ் பைதான்3-வென்வ்

'டெவ்' என்று முடிகிறவை கொம்பைலருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள். 'லிப்எஸ்எஸ்எல்' எச்டிடிபிஎஸ் வழியாக ஜிட்ஹப்புக்குப் போக. 'லிப்எஸ்எஸ்எச்2' எஸ்எஸ்எச் சாவியோடு போக. பல்கலைக்கழக லேப் கணினியில் சூடோ (நிர்வாகி) உரிமை இருக்காது. இந்த ஒரு வரியை மட்டும் லேப் பொறுப்பாளரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வருவது எதற்கும் சூடோ வேண்டாம். எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே நடக்கும்.

இடம் ஒதுக்குவது

பைதான்3 -எம் வென்வ் கூத்து
சோர்ஸ் கூத்து/பின்/ஆக்டிவேட்
எக்ஸ்போர்ட் லிப்ஜிட்2=$வெர்சுவல்_என்வ்

கடைசி வரியில் சமன் குறிக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு பெயரும் முழுக்கப் பெரிய எழுத்து. வென்வ் என்பது மற்றவற்றோடு கலக்காத தனிப் பைதான் ஃபோல்டர். 'கூத்து' என்பது நான் அந்த ஃபோல்டருக்கு வைத்த பெயர், நீங்கள் எதையும் வைக்கலாம். ஆனால் ஃபோல்டர் பெயரிலோ அதற்கு மேலுள்ள ஃபோல்டர்களிலோ இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் பிறகு லிங்கர் (கொம்பைல் பண்ணிய துண்டுகளைச் சேர்க்கும் கருவி) அந்த இடைவெளியில் பெயரை இரண்டாக வெட்டிவிடும்.

இப்போது செய்திருப்பது, லிப்ஜிட்2ஐ கணினியின் பொது இடத்தில் போடாமல் இந்த வென்வ் ஃபோல்டருக்குள்ளேயே போடும் ஏற்பாடு. பொது இடத்தில் போட்டால் அதை நம்பியிருக்கும் வேறு மென்பொருளோடு மோதலாம். இங்கே போட்டால் பிடிக்காதபோது ஃபோல்டரை அழித்தால் போதும்.

லிப்ஜிட்2

ஜிட்ஹப்பில் லிப்ஜிட்2 திட்டத்தின் ரிலீஸ் பக்கத்துக்குப் போய் 1.9.0இன் 'டார் டொட் ஜிஇசட்' கோப்பை இறக்குங்கள். முழு வரலாற்றையும் குளோன் பண்ண வேண்டாம், போன் டேட்டாவில் வேலை செய்பவருக்கு அது வீண் செலவு. 'டார் எக்ஸ்எஃப்' போட்டு விரித்து, 'சிடி லிப்ஜிட்2-1.9.0' என்று உள்ளே போங்கள். பிறகு, ஒரே வரியாக:

சிமேக் -எஸ் . -பி பில்ட் -டி சிமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ்=$லிப்ஜிட்2 -டி சிமேக்_பில்ட்_டைப்=ரிலீஸ் -டி யூஸ்_எஸ்எஸ்எச்=ஆன் -டி பில்ட்_டெஸ்ட்ஸ்=ஆஃப்

எஸ், பி ('பில்ட்'டின் முதலெழுத்து), டி ('டெவ்'வின் முதலெழுத்து) மூன்றும் பெரிய எழுத்து. '-டி'க்குப் பின் வரும் பெயர்களும் அப்படியே. 'ரிலீஸ்' என்பதில் முதல் எழுத்து மட்டும் பெரிது. எஸ்எஸ்எச்சை இங்கே வெளிப்படையாகக் கேட்பதில் ஒரு லாபம் உண்டு. அதற்குரிய பொதி இல்லையென்றால், கட்டும் வேலையை ஒழுங்கு செய்யும் சிமேக் இந்த இடத்திலேயே நின்று சொல்லிவிடும். கேட்காமல் விட்டால் எல்லாம் முடிந்து, ஜிட்ஹப்புக்குப் புஷ் பண்ணும் (அனுப்பும்) நேரத்தில்தான் தெரியவரும். டெஸ்ட்டுகளை அணைத்தது நேரத்தை மிச்சப்படுத்த.

முடிவில் திரையில் இயங்கும் வசதிகளின் பட்டியல் வரும். அதில் எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு:

சிமேக் --பில்ட் பில்ட் -ஜே2
சிமேக் --இன்ஸ்டால் பில்ட்

'-ஜே2' என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கோப்பு. எல்லாம் சி மொழிக் கோப்புகள், பெரிய ரேம் கேட்காது. நாலு கோர் இருந்தால் 4 போடுங்கள்.

மாரி மழைக் காலத்தில் இடையில் கரண்ட் போனால்? திரும்ப அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கரண்ட் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கலாம், அது முடிந்துவிட்டது என்று நம்பி கணினி தாண்டிப் போகலாம். லிங்க் பண்ணும்போது புரியாத பிழை வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். 'பில்ட்' ஃபோல்டரை அழித்து சிமேக் வரியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

பைஜிட்2

கொம்பைல் பண்ணும்போது லைப்ரரி எங்கே என்று தெரிவது ஒன்று. நாளைக்கு நிரலை ஓட்டும்போது தெரிவது வேறொன்று. முதலாவதை மேலே 'எக்ஸ்போர்ட்' வரியில் வைத்த 'லிப்ஜிட்2' என்ற மாறி (வேரியபிள்) பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு, கட்டப்படும் கோப்பிலேயே விலாசத்தை எழுதிவிட வேண்டும். அந்த விலாசத்தின் பெயர் ஆர்பாத்.

எக்ஸ்போர்ட் எல்டிஃப்ளாக்ஸ்="-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$லிப்ஜிட்2/லிப்"
பிப் இன்ஸ்டால் --நோ-பைனரி பைஜிட்2 --நோ-கேஷ்-டிர் பைஜிட்2==1.17.0

'எல்டிஃப்ளாக்ஸ்' முழுக்கப் பெரிய எழுத்து. 'டபிள்யூஎல்' இல் டபிள்யூ பெரிது, எல் சின்னது. கமாக்களுக்குப் பின் இடைவெளி விடாதீர்கள். இரண்டாவது வரியில் பைஜிட்2 இரண்டு தடவை வருவது தவறல்ல: முதலாவது 'இதற்கு வீல் வேண்டாம்' என்பதற்கு, இரண்டாவது 'இதை நிறுவு' என்பதற்கு.

'நோ-கேஷ்-டிர்' பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. பிப் தான் கொம்பைல் பண்ணியதைப் பத்திரப்படுத்தி வைக்கும். ஆர்பாத் இல்லாமல் ஒரு தடவை கட்டியிருந்தால், பிறகு நீங்கள் ஆர்பாத்தைச் சரியாக வைத்துத் திரும்பக் கேட்டாலும், பழைய பிழையான பொதியையே எடுத்து நீட்டும். அதே பிழை திரும்பத் திரும்ப வருகிறதே என்று தலையில் கைவைக்கும் பலரின் சிக்கல் இதுதான்.

ஃபெடோராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 64 பிட் ஃபெடோராவில் லைப்ரரி 'லிப்' இல் அல்ல, 'லிப்64' இல் போய் இருக்கும். ஆர்பாத்தில் அதை மாற்றுங்கள், 'லிப்ஜிட்2_லிப்' (முழுக்கப் பெரிய எழுத்து) என்ற மாறிக்கும் அந்த ஃபோல்டரையே கொடுங்கள். ஆப்ட்டுக்குப் பதில் டிஎன்எஃப், பொதிகளின் பெயரும் வேறு.

சரி பார்ப்பது

பைதானைத் திறந்து 'இம்போர்ட் பைஜிட்2' அடியுங்கள். பிழை வராவிட்டால், 'பைஜிட்2' புள்ளி 'லிப்ஜிட்2_வெர்ஷன்' (பின்பாதி பெரிய எழுத்தில்) 1.9.0 என்று காட்ட வேண்டும். எஸ்எஸ்எச் இருக்கிறதா என்று பார்க்க: பூல்(பைஜிட்2.ஃபீச்சர்ஸ் & 4). விடை 'ட்ரூ' என்று வர வேண்டும்.

பிழை வந்தால் முழுப் பக்கத்தையும் பார்த்து மிரள வேண்டாம், ஒரு சொல்லைத் தேடுங்கள். 'ஜிட்2 டொட் எச்' இல்லை என்றால், நீங்கள் இடையில் புதிய டெர்மினலைத் திறந்திருக்கிறீர்கள், 'எக்ஸ்போர்ட்' வரிகள் அங்கே இல்லை. 'பைதான் டொட் எச்' இல்லை என்றால் 'பைதான்3-டெவ்' விடுபட்டிருக்கிறது. 'கம்பேட்டிபிள் லிப்ஜிட்2 வெர்ஷன்' என்ற சொற்கள் வந்தால் ஜோடி தவறு. கொம்பைல் முடிந்து, இம்போர்ட் பண்ணும்போது மட்டும் 'லிப்ஜிட்2 டொட் எஸ்ஓ டொட் 1.9' கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் ஆர்பாத். வென்வுக்குள் 'சைட்-பேக்கேஜஸ்', அதற்குள் 'பைஜிட்2' ஃபோல்டரில் 'எஸ்ஓ' என்று முடியும் கோப்பைக் காட்டி 'எல்டிடி' ஓட்டிப் பாருங்கள். லிப்ஜிட்2 வரிக்கு எதிரே 'நொட் ஃபவுண்ட்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை.

ஒப்பிடும் நிரல்

பைஜிட்2இன் 'ரெப்போசிட்டரி'யால் பிரதிகள் உள்ள ஃபோல்டரைத் திறவுங்கள். 'ரெவ்பார்ஸ்_சிங்கிள்' இடம் 'ஹெட்' (முழுக்கப் பெரிய எழுத்து) என்று கேட்டால் கடைசிக் கொமிட் (ஜிட்டில் கடைசியாகப் பதிந்த நிலை) வரும், 'ஹெட்~1' என்று கேட்டால் அதற்கு முந்தியது. ஒவ்வொன்றிலும் 'ட்ரீ' எடுத்து, சதுர அடைப்புக்குள் கோப்பின் பெயரைக் கொடுத்து, 'டேட்டா'வை எடுங்கள். கையில் வருவது பைட்டுகள். 'டிகோட்' பண்ணி, பைதானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' மொட்யூலின் 'நார்மலைஸ்' இடம் 'என்எஃப்சி' (இதுவும் பெரிய எழுத்து) என்று சொல்லிக் கொடுங்கள். கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். பிறகு 'டிஃப்லிப்' மொட்யூலால் இரண்டையும் ஒப்பிட்டால், உண்மையாக மாறிய வரி மட்டும் மிஞ்சும்.

கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் அதிலும் இதே கொம்பு, கால் சிக்கல் வரும். கண்ணால் பார்த்து அடித்த பெயரை 'கீ எரர்' என்று பைதான் மறுத்தால், பெயரை அடிக்காமல் ட்ரீயின் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் ஜிட் தமிழ்ப் பெயர்களைச் சாய்கோடும் எண்ணுமாகக் காட்டுவது இன்னொரு விஷயம். அதற்கு 'ஜிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஃபால்ஸ்' போதும்.

ஓரிரு கோப்பை எப்போதாவது ஒப்பிடத்தான் தேவை என்றால், ஜிட்டிலேயே உள்ள 'டெக்ஸ்ட்கான்வ்' ஏற்பாடு இதைச் செய்துவிடும், இந்தப் பாடு வேண்டாம். ஒரு கூத்தின் எல்லாக் கொமிட்டையும் புரட்டி, எந்தத் தருவை யார் எப்போது திருத்தினார் என்று அட்டவணை போட நினைக்கும்போதுதான் பைஜிட்2 கைகொடுக்கும். வரிவரியாக யார் கடைசியில் தொட்டது என்று சொல்லும் 'பிளேம்' அதிலேயே இருக்கிறது.

லினக்ஸை அடுத்த பெரிய வெர்ஷனுக்கு உயர்த்தும்போது பைதானும் மாறும், அதோடு இந்த வென்வும் ஓடாமல் போகும். அதைச் சரிப்படுத்த முயல வேண்டாம். ஃபோல்டரை அழித்து, ஜோடி பார்க்கும் இடத்திலிருந்து திரும்பச் செய்யுங்கள். இறக்கிய 'டார்' கோப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.