பிரான்சியப் புரட்சி: காரணம் எழுதும்போது புள்ளி போகிற இடங்கள்

யாழ்ப்பாணத்து உயர்தர வரலாற்று வகுப்புகளில் வருசா வருசம் புதுப் பிள்ளைகள் வந்து பழைய குழியிலேயே விழுகிறார்கள். ஆண்டும் பெயரும் பிழைப்பது பெரிய விசயமில்லை, நாலு தரம் எழுதிப் பார்த்தால் சரிவரும். கீழே உள்ளவை அப்படி இலேசில் திருந்தாதவை.

கேக் கதை

பாண் இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று அரசி மேரி அன்டொய்னெட் சொன்னதாக ஒரு கதை. எழுதவே வேண்டாம். பெயர் சொல்லாத ஓர் இளவரசியைப் பற்றித் தத்துவஞானி ரூசோ அதை எழுதியபோது மேரி அன்டொய்னெட் ஒஸ்திரியாவில் இருந்த சிறுமி.

பட்டியல் போடுவது

சமூகம், பொருளாதாரம், அரசியல், தத்துவஞானிகள் என்று நாலு தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி. நோட்ஸில் இருப்பது அப்படியே விடைத்தாளில் இறங்கிவிடும். மதகுருமாருக்கும் பிரபுக்களுக்கும் வரிச்சலுகை இருந்தது, விவசாயி நசிந்தான், எல்லாம் உண்மைதான். 1689இலும் அது உண்மைதானே! பிறகேன் நூறு வருசம் முந்தியே வெடிக்கவில்லை? பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தாலும் இதற்குப் பதில் வராது.

காசின் பின்னால் போங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு பிரான்ஸ் கொட்டியது 100 கோடி லிவருக்கு (அன்றைய பிரான்ஸ் நாணயம்) மேல், பெரும்பாலும் கடன். 1788இல் அரச செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. அரண்மனைச் செலவு நூற்றுக்கு 6 அளவில்தான். (வெர்சாய் ஆடம்பரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறவர்கள் கவனிக்க.) சலுகை பெற்றவர்களும் வரி கட்டவேண்டும் என்று 1787 பெப்ரவரியில் நிதிப்பொறுப்பாளர் கலோன் பிரமுகர் சபையிடம் கேட்டார். சபை இணங்கவில்லை. பாரிஸ் உயர் நீதிமன்றமும் புது வரிக்கு, மதகுருமார், பிரபுக்கள், மற்றச் சனங்கள் என்ற மூன்று வகுப்புகளின் பிரதிநிதிகள் கூடும் எஸ்டேட்ஸ் ஜெனரல் சபைதான் சம்மதிக்க வேண்டும் என்றது. 1788 ஓகஸ்ட் 8இல் அந்தச் சபைக்குத் திகதி குறித்தார்கள். 16ஆம் திகதி திறைசேரி கொடுப்பனவுகளில் ஒரு பகுதியை நிறுத்தியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததை நினைவிருக்கிற பிள்ளைக்கு இந்த இடம் சட்டென்று விளங்கும். விளங்கினால் போதும், அதை விடையில் எழுதாதீர்கள்.

1614க்குப் பிறகு கூடாத சபையில் எப்படி வாக்களிப்பது? வகுப்புக்கு ஒன்றென்றால் மூன்றாம் வகுப்பு 2:1இல் தோற்கும். தலைக்கு ஒன்றென்றால், ஆட்தொகை இரட்டிப்பாக்கப்பட்ட அதன் கை ஓங்கும். கடன் சண்டை அதிகாரச் சண்டையானது இங்கேதான். 1789 யூன் 17இல் மூன்றாம் வகுப்பு தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது.

எழுதி முடித்ததும் விடையில் 'மேலும்' வருகிற இடமெல்லாம் வட்டமிடுங்கள். அங்கே 'அதனால்' போட்டு வாசிக்க வராவிட்டால் சங்கிலி அறுந்திருக்கிறது.

'மக்கள் பட்டினி' என்று மொட்டையாக விடுவது

எண்ணைக் கொடுங்கள். 1788 யூலை 13இல் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. பாரிஸில் வழமையாக 8, 9 ஸூ (லிவரின் சில்லறை) விற்ற நாலு இறாத்தல் பாண் 1789 பெப்ரவரியில் 14½ ஸூ. கூலியாளின் நாட்கூலி 20 முதல் 30 ஸூ. 30 வாங்குகிறவனுக்கே ஒரு பாணோடு கிட்டத்தட்டப் பாதி போச்சு.

தத்துவஞானிகள்

முதல் பந்தியில் வேண்டாம். வோல்டேரும் ரூசோவும் 1778இலேயே இறந்துவிட்டார்கள். திறைசேரி வெறுமையானது அவர்களால் அல்ல. 1789இல் சனங்கள் தங்கள் கோரிக்கையை எந்தச் சொற்களில் வைத்தார்கள் என்று சொல்லும்போது கொண்டுவாருங்கள்.

பஸ்தில்

பாரிஸ் சனங்கள் அந்தச் சிறைக்கோட்டையைப் பிடித்தது விளைவு. காரணத்தில் சேர்க்காதீர்கள். உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்.