கை ஓடுகிறது, பேச்சைக் காணோம்: வசந்தகாலக் கைவினை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசந்தம் தொடங்கியதும் மொழி வகுப்புகளில் வண்ணத்தாளும் பசையும் கத்தரிக்கோலும் மேசைக்கு வந்துவிடும். காகிதப் பூ, பட்டாம்பூச்சி, குருவிக்கூடு, அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு வாழ்த்து அட்டை என்று வேலை களைகட்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுவரும் நிறைந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கற்கும் மொழியில் எத்தனை வாக்கியம் பேசியது என்று எண்ணிப் பார்த்தால், பல வகுப்புகளில் ஒன்றிரண்டுகூடத் தேறாது. "பசை குடுங்க", "முடிச்சிட்டேன்" என்பதோடு சரி. அதுவும் பாதி நேரம் வீட்டில் பேசும் மொழியில்தான் வரும்.

கைவினையை வகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிறு பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்க இதைவிட நல்ல வழி அதிகம் இல்லை என்றே நம்புகிறேன். பொருள் கண்ணெதிரே இருக்கிறது, செயல் கையில் நடக்கிறது. சொல்லின் பொருளைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. அப்படிப்பட்ட வாய்ப்பு வீணாகப் போவதுதான் மனத்தை உறுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் வேர் ஒரே தவறுதான்: ஒரு வார்த்தையும் பேசாமல் செய்து முடித்துவிடக்கூடிய வேலையைக் கொடுப்பது. ஆசிரியர் ஒரு மாதிரியைச் செய்து முன்னால் வைக்கிறார். ஆளுக்கொரு பசை, ஆளுக்கொரு கத்தரிக்கோல், முன்பே வெட்டி வைத்த இதழ்கள். பிள்ளை மாதிரியைப் பார்க்கிறது, அப்படியே ஒட்டுகிறது. இதில் யாரையும் எதையும் கேட்கத் தேவையே எழவில்லை. தேவை இல்லாத இடத்தில் பேச்சு பிறக்காது. நடுவில் ஆசிரியர் "இது என்ன நிறம்?" என்று கேட்டால், தன் கையிலும் ஆசிரியர் கண்ணிலும் இருக்கும் நிறத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவது நியாயம்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் வேண்டாம். பொருள்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டாலே போதும். நான்கு பேருக்கு ஒரு பசை. பச்சைத்தாள் முழுவதும் ஒரு குழுவிடம், மஞ்சள்தாள் இன்னொரு குழுவிடம். "எனக்கு இரண்டு பச்சை இலை வேணும், உனக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல் பூ முடியாது. அடுத்த நிலையில், மாதிரியை ஒளித்துவிடுங்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவரிடம் மட்டும் படத்தைக் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல மற்றவர் செய்ய வேண்டும்: "பெரிய வட்டத்தை நடுவில் வை. அதன் மேல் சின்ன வட்டத்தை ஒட்டு. இல்லை இல்லை, இன்னும் மேலே." முடிவில் படத்தையும் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வரும் சிரிப்பும் வாக்குவாதமும் அந்த வகுப்பின் மிக நல்ல பேச்சாக இருக்கும். இப்படிச் செய்த பூ கோணலாகத்தான் இருக்கும். கோணலை ஏற்க மனமில்லாத ஆசிரியர்தான் மறுபடி முன்பே வெட்டிய இதழ்களுக்குப் போய்விடுகிறார்.

அதே சமயம், மொழிக்குப் புதிதாக வந்த பிள்ளையை உடனே பேசச் சொல்லி நெருக்குவதும் தவறு. சொன்னதைக் கேட்டு உடலால் செய்து காட்டுவதே தொடக்கத்தில் போதும் என்ற அடிப்படையில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஒரு கற்பித்தல் முறையையே வகுத்தார். அதற்குக் கைவினை அப்படியே பொருந்துகிறது. "மடி, திருப்பு, வெட்டு, அழுத்து" என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளை சரியாகச் செய்தால் அது புரிந்துகொண்டது என்று பொருள். அந்தப் பிள்ளை அன்று வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. நான் முன்பு சொன்ன குறை, பேசக்கூடிய பிள்ளைக்குப் பேச வேலை இல்லாமல் போவதைப் பற்றியது.

கேள்வி கேட்டுவிட்டு உடனே தானே பதிலும் சொல்லிவிடும் பழக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். மூன்று விநாடி அளவு காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாதவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். அது பழகிய மொழியில் நடந்த வகுப்பு. புது மொழியில், கையில் கத்தரிக்கோலும் வைத்திருக்கும் பிள்ளைக்கு மூன்று விநாடியே குறைவு.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சறுக்கல் உண்டு. வசந்தம் என்றதும் பூப் பெயர்களும் பூச்சிப் பெயர்களுமாக இருபது பெயர்ச்சொற்களைப் பலகையில் எழுதிவிடுகிறோம். அடுத்த வசந்தம் வரை அவற்றில் பல பயன்படாது. மாறாக ஒட்டு, பிடி, நீட்டு, கிழி, காயவிடு போன்ற வினைச்சொற்களும், மேலே, கீழே, பக்கத்தில், நடுவில் போன்ற இடச்சொற்களும் ஆண்டு முழுவதும் தேவைப்படும். பெயர்ச்சொல் ஐந்தாறு போதும். வினைகளுக்கு இடம் கொடுங்கள்.

இயற்கையைப் பற்றிய தவறான செய்தியைக் கைவினை வழியாகப் பதியவைப்பதும் நடக்கிறது. பட்டாம்பூச்சிக்கு இரண்டே இறக்கை ஒட்டுகிறோம், உண்மையில் நான்கு. கால்கள் ஆறு, அவை வயிற்றில் அல்ல, இறக்கைகள் இருக்கும் அதே நடுப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கம்பளி நூலைச் சுற்றிக் கூடு செய்து அதற்குள்ளிருந்து பட்டாம்பூச்சியை வெளியே எடுக்கிறோம். பட்டு நூலால் அப்படிக் கூடு கட்டுவது பெரும்பாலும் விட்டில்பூச்சி இனங்களின் புழுக்கள். இவற்றைத் திருத்துவது மொழிக்கும் நல்லது. "இரண்டு பெரிய இறக்கை மேலே, இரண்டு சின்ன இறக்கை கீழே" என்ற வாக்கியம் உண்மைக்கு நெருங்குகிறது, சொல்லவும் அதிகம் இருக்கிறது. இன்னொன்று, வசந்தம் எல்லா இடத்திலும் மார்ச்சில் வருவதில்லை. பூமியின் தென்பாதியில் செப்டம்பரில் தொடங்குகிறது. வெப்பமண்டலத்தில் நான்கு பருவம் என்ற கணக்கே பொருந்தாது. பாடப்புத்தகம் சொல்லும் மாதத்தை விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே இப்போது எது துளிர்க்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

உண்மையான பூவும் விதையும் கொண்டுவருவது இன்னும் சிறப்பு. ஆனால் அரளி, டாஃபடில் கிழங்கு, லில்லி ஆஃப் தி வேலி ஆகியவை நஞ்சு. சிறு பிள்ளைகள் கையாளும் மேசைக்கு அவை வரக் கூடாது. மகரந்த ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று வீட்டாரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருந்தால் மணி, பொத்தான், விதை எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள். உதிரியாக விற்கப்படும் பிளாஸ்டிக் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து தடை கொண்டுவந்தது. வண்ணத்தாளைத் துளையிடும் கருவியால் குத்தி எடுத்த பொட்டுகள் அந்த வேலையை அழகாகச் செய்யும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் இல்லையென்றால் அது வெட்டுவதிலேயே நேரமெல்லாம் போகும், பேச எங்கே போகும்?

நாள் கணக்கில் அவசரம் கூடாது. ஈரப் பஞ்சில் வைத்த பயறு வேர்விட்டு இலை காட்ட ஒரு வாரமாவது ஆகும். வீட்டு விழாவுக்கு முந்தின நாள் விதைத்தால் பிள்ளை வெறும் பஞ்சைத்தான் எடுத்துப் போகும். ஒரு வாரம் முன்பே தொடங்கினால் தினம் ஒரு வாக்கியம் எழுதக் கிடைக்கிறது: நேற்று தோல் கிழிந்தது, இன்று வேர் வந்தது, நாளை இலை வரலாம். மூன்று காலமும் ஒரு கிண்ணத்திலிருந்தே வந்துவிடும். பசை காயும் நேரத்தைக்கூட வீணாக்க வேண்டியதில்லை. செய்த முறையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விவரிக்க அதுதான் சரியான நேரம்.

இனி வீட்டு விசேஷங்கள். இங்கே நடக்கும் தவறு மொழியோடு நிற்பதில்லை, பிள்ளையின் மனத்தைத் தொடுகிறது. "எல்லாரும் அம்மாவுக்கு அட்டை செய்யுங்கள்" என்று சொல்லும் வகுப்பில் அம்மா இல்லாத பிள்ளை இருக்கலாம். பாட்டியிடம் வளரும் பிள்ளை, பெற்றோர் பிரிந்த பிள்ளை, அப்பா தொலைதூரத்தில் இருக்கும் பிள்ளை, வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை எல்லாரும் அந்த வாக்கியத்தைக் கேட்கிறார்கள். "உனக்கு அம்மா இல்லையே, நீ வேறு யாருக்காவது செய்" என்று எல்லார் முன்னாலும் சொல்வது அதைவிடக் கொடுமை. தொடக்கத்திலேயே வகுப்பு முழுவதையும் பார்த்து, "உங்களை அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு எழுதப் போகிறோம்" என்று சொல்லிவிடலாம். அம்மாவை நினைத்தவர் அம்மாவுக்கு எழுதுவார், பாட்டியை நினைத்தவர் பாட்டிக்கு. யாரும் தனித்துவிடப்படவில்லை. மொழிக்கும் இதில் ஆதாயம் உண்டு. அம்மா, அப்பா என்ற இரண்டோடு நிற்காமல் பலவகை உறவுச் சொற்கள் வகுப்புக்குள் வரும்.

தேதியிலும் கவனம் வேண்டும். அன்னையர் நாள் பல நாடுகளில் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. பிரிட்டனில் அது ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்புக்காலமான தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அரபு நாடுகள் பலவற்றில் மார்ச் 21. தந்தையர் நாளும் இப்படியே. ஆஸ்திரேலியாவில் அது செப்டம்பரின் முதல் ஞாயிறு, அவர்களுடைய வசந்தத்தின் தொடக்கம். பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டால் சிலருடைய அட்டை நாள் கடந்து போய்ச் சேரும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாள் வேண்டுமென்றால், ஐ.நா. பொதுச்சபை 1993இல் அறிவித்த அனைத்துலகக் குடும்ப நாள், மே 15, இருக்கிறது.

அட்டைக்குள் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். பலகையில் ஆசிரியர் எழுதிப்போட்ட நான்கு வரிகளை இருபத்தைந்து பிள்ளைகளும் படியெடுத்தால், அது கையெழுத்துப் பயிற்சி, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1908இல் அன்னையர் நாளைத் தொடங்கிவைத்த ஆன்னா ஜார்விஸ், பின்னாளில் அந்த நாள் வணிகமானதை எதிர்த்துப் போராடினார். அம்மாவுக்குத் தன் கையால் கடிதம் எழுதாமல் அச்சடித்த அட்டை வாங்கிக் கொடுப்பதை அவர் வெறுத்தார். பலகையைப் பார்த்து எழுதியதற்கும் அச்சடித்த அட்டைக்கும் அதிக தூரமில்லை. வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கொடுங்கள்: "எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீங்கள்...", "நீங்கள் சிரிக்கும்போது...", "உங்களிடம் நான் கற்றுக்கொண்டது...". மீதியைப் பிள்ளை நிரப்பட்டும். அங்கேதான் சொல் போதாமல் போகும், அங்கேதான் அது கையைத் தூக்கிக் கேட்கும். கேட்டு வாங்கிய சொல்லை அது மறப்பது அரிது.

எழுதியதில் பிழை இருக்கும். அட்டையின் மேலேயே சிவப்பு மையால் திருத்தாதீர்கள், அது ஒருவருக்குக் கொடுக்கப் போகிற பரிசு. முதலில் சாதாரணத் தாளில் எழுதச் சொல்லி, அதில் பேசித் திருத்தி, பிறகு அட்டையில் எழுத வைக்கலாம். அதன்பிறகும் ஒரு ஒற்றெழுத்து விடுபட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

அட்டையைப் பெறுபவருக்கு அந்த மொழி தெரியாமலும் இருக்கலாம். வாங்கிப் பார்த்து, அழகாயிருக்கிறது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே வராது. ஆகவே அனுப்புவதற்கு முன், பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, உரக்கப் படித்துக் காட்டவும் ஒவ்வொரு வரியையும் வீட்டு மொழியில் சொல்லவும் பழக்கிவிடுங்கள். வீட்டில் அந்த இரண்டு நிமிடம் பிள்ளைதான் ஆசிரியர். வகுப்பை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு அட்டையின் உட்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வாரம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.